பிரஷர் வாஷர் வருடத்துக்கு ஒன்று போகிறது, எந்த கம்பெனி வாங்கலாம்?

கேள்வி: மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர், 8 செப்டம்பர் 2024

அண்ணா, வீடு, சம்ப், மேல்நிலைத் தொட்டி, சோபா எல்லாம் கிளீனிங் எடுத்துச் செய்கிறோம். ஒரு குட்டி யானை வண்டி, ஐந்து பசங்க. பிரஷர் வாஷர் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. வேக்குவம் மோட்டாருக்கும் அடிக்கடி வைண்டிங் போகிறது. லோக்கல் மால் வாங்கினால் இப்படித்தான் என்கிறார் கடைக்காரர். ஜெர்மன் மெஷின் வாங்கினால் தலைவலி தீருமா? வண்டிச் செலவும் ஏறிக்கொண்டே போகிறது.

பதில்: 8 செப்டம்பர், இரவு

தம்பி, கம்பெனிப் பெயரை அப்புறம் பார்ப்போம். வேலை முடிந்ததும் மெஷினைக் கழுவி, வடித்து, சுருட்டி வண்டியில் ஏற்றுவது யார்? அந்த அரை மணி நேரத்துக்கு அவருக்குக் கூலி உண்டா?

9 செப்டம்பர்

"முடியும்போதே ஏழு மணி ஆகிவிடும், அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள்" என்று எழுதியிருக்கிறாய். சரி, அதை மனதில் வைத்துக்கொள், திரும்ப அங்கேதான் வருவேன்.

பிரஷர் வாஷரிலிருந்து ஆரம்பிக்கலாம். அது வேலை செய்யும்போது கெடுவது குறைவு, சும்மா ஓடும்போதுதான் கெடும். தண்ணீர் பீய்ச்சும் கன்னின் ட்ரிக்கரை விட்டதும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பம்புக்குள்ளேயே சுற்றும். சுற்றச் சுற்றச் சூடேறும். பையன் கன்னைக் கீழே வைத்துவிட்டு பக்கத்தில் இருக்கும் பூந்தொட்டிகளை நகர்த்தப் போவான், அதற்குள் வீட்டுக்காரர் வந்து ஏதாவது கேட்பார், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிரு நிமிடத்துக்கு மேல் அப்படி விடாதே என்றுதான் பெரும்பாலான மேனுவல்களில் போட்டிருக்கும். ட்ரிக்கரை விட்டதும் மோட்டாரே நிற்கும் மாடல் என்றால் பரவாயில்லை. மற்றதற்கு ஒரே சட்டம்: கன்னைக் கீழே வைத்தால் ஸ்விட்சையும் அணை.

அடுத்த எமன் காற்று. டிரம்மிலிருந்து தண்ணீர் இழுக்கிறார்கள், டிரம் காலியானதைக் கவனிக்க ஆள் இல்லை. பம்பு வறண்டு ஓடினால் சீல் கருகிவிடும். ஆரம்பிக்கும்போது முதலில் குழாயைத் திற, ட்ரிக்கரை அழுத்திப் பிடி, குமிழி இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகு ஸ்விட்ச். நிறுத்தும்போது முதலில் ஸ்விட்ச், அப்புறம் குழாய், கடைசியாக ட்ரிக்கரை அழுத்தி உள்ளே நிற்கும் பிரஷரை வெளியேற்று. அந்தக் கடைசி அழுத்தலை யாரும் செய்வதில்லை. பிரஷரோடு மூட்டை கட்டிய ஹோஸ் இரவெல்லாம் ஓ-ரிங்கை, அதாவது இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை, தள்ளிக்கொண்டே கிடக்கும்.

9 செப்டம்பர், பின்னிரவு

விட்டுப்போனது: ஆயில் கண்ணாடி. ஆயில் நிரப்பும் வகைப் பம்பு என்றால் பக்கவாட்டில் சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும். காலையில் வண்டியிலிருந்து இறக்கியதும், மோட்டார் போடும் முன் அதைப் பார். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. பால் காபி மாதிரி கலங்கியிருந்தால் சீல் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அன்றைக்கே நிறுத்திவிட்டால் சீல் செட்டோடு செலவு முடியும். "இன்னைக்கு ஒரு வேலைதான், முடிச்சிடலாம்" என்று ஓட்டினால் பேரிங், தண்ணீரைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் என்று பம்பே போகும். புது மெஷினில் முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும், வழக்கமாக 50 மணி ஓட்டத்தில். உன் மெஷினுக்கு எவ்வளவு, எந்த ஆயில் என்பதை அதன் புத்தகத்தில் பார்த்துக்கொள். என்ஜின் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றாதே.

10 செப்டம்பர்

போர் தண்ணீரில் மெஷினை ஓட்டலாமா என்று பெரும்பாக்கத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் உப்புத் தண்ணீரில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும், நாசில் முனையில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். பம்பு வால்விலும் அதேதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீரை மெஷின் வழியாக ஓட்டிவிடுங்கள். குளோரின் கரைசல் போட்டுத் தொட்டி கழுவிய நாள் என்றால் கட்டாயம் ஓட்டவேண்டும். அந்தக் கரைசல் (ஹைப்போ) உள்ளேயே நின்றால் ரப்பர் சீலும் ஹோஸும் விறைத்து வெடித்துவிடும்.

தண்ணீர் ஏறும் இடத்தில் இருக்கும் வலை ஃபில்டரைத் தினமும் கழற்றித் தட்டுங்கள். சம்ப்பின் அடியிலிருக்கும் மணல் நேராக அங்கேதான் வரும். "ஃபில்டர் அடைக்குது, அதனால கழட்டி வச்சுட்டோம்" என்று சொன்ன ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அது மணலைப் பம்புக்கு விருந்து வைக்கிற வேலை.

12 செப்டம்பர்

தம்பி அனுப்பிய வீடியோவில் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. முதலில் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை மாற்றிப் பார். சின்னச் செலவு. வைண்டிங் கடைக்கு நேராகக் கொண்டுபோனால் ரீவைண்டிங் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கெப்பாசிட்டர் ஏன் போனது என்று கேட்காவிட்டால் அடுத்ததும் போகும்.

உன் எக்ஸ்டென்ஷன் வயர் என்ன சைஸ்? வீடியோவில் பார்த்தால் 1 சதுர மில்லிமீட்டர் மாதிரி மெல்லிசாக இருக்கிறது. கணக்கைப் பார். 3 எச்.பி. மோட்டார் சிங்கிள் ஃபேஸில் 13 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 40 மீட்டர் வயர் என்றால் போக வர 80 மீட்டர் செம்பு. 1 சதுர மி.மீ. வயரில் ஏறக்குறைய 19 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். 2.5 வயர் போட்டால் அது 8 வோல்ட்டுக்குள் நிற்கும். கோடையில் சாயந்திரம் வீட்டில் எல்லா ஏ.சி.யும் ஓடி, வோல்ட்டேஜ் ஏற்கெனவே 200-க்கு இறங்கியிருக்கும் நேரத்தில் இந்த 19 வோல்ட்டும் போனால் மோட்டார் திணறும், கரன்ட்டை அதிகம் இழுக்கும், வைண்டிங் கருகும். மோட்டார் லோக்கல் மாலா ஜெர்மன் மாலா என்று வயருக்குத் தெரியாது.

டிரம்மில் சுற்றிய வயரை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும். பாதி சுற்றியபடி ஓட்டினால் உள்சுற்று சூடேறி இன்சுலேஷன் உருகும். எர்த்துக்கான பெரிய பின் இல்லாத சாக்கெட்டில் அடாப்டர் செருகி ஓட்டுவதை இன்றோடு நிறுத்து. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்த போர்டு ஒன்றைச் செய்து வண்டியிலேயே வைத்துக்கொள். வாடிக்கையாளர் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது, ஈரத்தில் நிற்பது நம் பையன்.

14 செப்டம்பர்

வேக்குவம். புது ஃபிளாட்டில் பெயின்ட், டைல்ஸ் வேலை முடிந்த பிறகு போகும் கிளீனிங்தான் இதைக் கொல்கிறது. சிமென்ட் தூசியும் பட்டித் தூசியும் மாவைவிட நைசு. பை போடாமல் இழுத்தால் ஃபில்டர் கொஞ்ச நேரத்திலேயே அடைத்துவிடும். பல வெட்-டிரை மெஷின்களில் இழுக்கும் காற்றே மோட்டாரைக் குளிரவைக்கிறது, காற்று நின்றால் மோட்டார் வெந்துவிடும். சத்தம் கீச்சென்று ஏறினால் அடைப்பு என்று பசங்களுக்குக் காதுப் பழக்கம் வரவேண்டும்.

சோபாவுக்கு நுரை இழுக்கும்போது வேறு பிரச்சினை. தண்ணீர் ஏறினால் மிதவை மேலே வந்து அடைத்துக் காப்பாற்றும். நுரை மிதவையைத் தூக்காது, நேராக மோட்டாருக்குள் போகும். நுரை அடக்கும் மருந்தைத் தொட்டியில் கொஞ்சம் ஊற்று, ஷாம்பூவையும் குறை. தூசிக்குப் போடும் பேப்பர் ஃபில்டரை ஈர வேலைக்கு முன்னால் கழற்றிவிடு.

அப்புறம், இரவில் மூடியைத் திறந்து வை. மூடிய தொட்டியில் நேற்றைய அழுக்குத் தண்ணீர் நின்றால், மறுநாள் அந்த நாற்றத்தை வாடிக்கையாளரின் ஹாலில் ஊதிவிடுவாய்.

16 செப்டம்பர்

ஒன்றே ஒன்று. ஆசிட் கேனை மெஷினோடு சேர்த்து ஏற்றாதீர்கள். மூடி எவ்வளவு இறுக்கினாலும் டாய்லெட் ஆசிட்டின் ஆவி கசியும். ஸ்விட்ச் காண்டாக்ட், வயர் நுனி, போல்ட், வண்டியின் தரைத் தகடு எல்லாம் அரிக்கும். செம்பு பச்சை பூத்திருந்தால் காரணம் அதுதான். பிளீச்சும் ஆசிட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவே கூடாது, சேர்ந்தால் குளோரின் வாயு. அது போய்ச் சேருவது மூடிய வண்டியில் உட்கார்ந்து வரும் ஆளின் நுரையீரலுக்கு.

20 செப்டம்பர்

கோவையிலிருந்து எழுதிய அக்காவுக்கு. நீங்கள் ஆஸ்பத்திரியில் ஓட்டும், தரையைத் தேய்த்துக் கழுவும் பேட்டரி ஸ்க்ரப்பர் எங்களிடமும் ஒன்று இருக்கிறது. அதன் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது சார்ஜ் ஏறிய பிறகுதான். சார்ஜ் ஏறும்போது உள்ளே மட்டம் உயரும், முன்பே நிறைய ஊற்றினால் ஆசிட் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிகிற அளவுக்குக் குறைந்திருந்தால் மட்டும் தகடு மூழ்கும் அளவு முன்னால் ஊற்றலாம். "நாளைக் காலையில் சார்ஜ் போட்டுக்கலாம்" என்று இறங்கிய பேட்டரியை விட்டால் சல்ஃபேட் படியும், அந்தப் பேட்டரி பழைய நிலைக்கு வராது.

தண்ணீர் இழுக்காமல் தரையில் கோடு விடுகிறது என்றீர்களே, தண்ணீரை வழித்து இழுக்கும் ஸ்க்வீஜி ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். பொதுவாக அதற்கு நாலு விளிம்பு. ஒரு விளிம்பு மழுங்கினால் திருப்பிப் போடலாம். ஒரு விளிம்பு தேய்ந்ததும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள், பாவம்.

ஒற்றை வட்டப் பிரஷ் சுற்றித் தரை தேய்க்கும் சிங்கிள் டிஸ்க் மெஷினை பிரஷ் மேலேயே நிற்கவைத்து இரவில் விடாதீர்கள். முழு எடையும் மயிர்களின் மேல் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், மறுநாள் மெஷின் கையில் நிற்காமல் இழுத்துக்கொண்டு ஓடும். பிரஷைக் கழற்றித் தொங்கவிடுங்கள்.

20 செப்டம்பர், இரவு

வண்டி. தம்பி, பின்னால் 1000 லிட்டர் டேங்க் வைத்த போட்டோவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நிரப்பினால் ஒரு டன், அதற்கு மேல் டேங்க், மெஷின், ஆட்கள். குட்டி யானையின் தாங்கு திறன் முக்கால் டன்னை ஒட்டித்தான். பேரிலேயே குட்டி இருக்கிறது. ஸ்பிரிங் பட்டை வளைவதும், பின் டயர் உள்பக்கம் தேய்வதும், பிரேக் லைனர் சீக்கிரம் போவதும் வேறெங்கிருந்தும் வரவில்லை. பாதி நிரப்பி ஓட்டினால் எடை குறையும், ஆனால் திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைந்து வண்டியைச் சாய்க்கும். உள்ளே தடுப்பு வைத்த 300 லிட்டர் டேங்க் போதும், மிச்சத் தண்ணீர் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும். வேலை முடிந்தால் வடித்துவிட்டுக் கிளம்பு.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பற்றிக் கேட்டவருக்கு: புது வண்டிக்கு 2 வருடம், அப்புறம் 8 வயது வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, ஆனால் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் வேண்டும். எஃப்.சி. வரும்போது மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரேக்கையும் லைட்டையும் தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எஃப்.சி. வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். ஒயிட் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த, ஆம்னியில் தொழில் செய்பவர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வி எது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள்: டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியைத் தெருவுக்குத் தெரு மட்டும் ஓட்டினால் புகைக் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாள் ஜி.எஸ்.டி. சாலை மாதிரி நெடுஞ்சாலையில் நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். மீட்டரில் விளக்கு எரிந்தால் அதை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

28 செப்டம்பர்

ஒருவர் கேட்டிருக்கிறார், இதே பம்பை வைத்து செப்டிக் டேங்க் வேலையும் எடுக்கலாமா என்று.

எடுக்காதீர்கள். அந்தப் பம்பும் ஹோஸும் திரும்பவும் குடிதண்ணீர்த் தொட்டிக்குள் போகக்கூடாது, எத்தனை முறை கழுவினாலும் போகக்கூடாது. அதைவிடப் பெரிய விஷயம், கழிவை உறிஞ்சும் லாரி இல்லாமல், லைசென்ஸ் இல்லாமல் எடுக்கும் வேலை கடைசியில் ஒரு ஆளை உள்ளே இறக்குவதில்தான் முடியும். 2013-இல் வந்த சட்டம் அதைக் குற்றம் என்கிறது. உள்ளே இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணத்தைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. இவ்வளவு தீர்ப்புக்கு அப்புறமும் செய்தித்தாளில் மாதம் தவறாமல் அந்தச் செய்தி வருகிறது, படிக்க முடியவில்லை.

சம்ப் வேலைக்கும் இதைச் சொல்லவேண்டும். பெட்ரோல் பம்பையோ ஜெனரேட்டரையோ சம்ப் வாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. மூடியை முன்னாலேயே திறந்து காற்றோட்டம் விடுங்கள், மேலே ஒரு ஆள் எப்போதும் நிற்கட்டும். சப்மெர்சிபிள் பம்பு தண்ணீருக்குள் இருக்கும்போது ஆள் இறங்குவதானால் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்கி இறங்கும் ஆளின் கண்ணில் படும்படி வெளியே போடுங்கள்.

11 அக்டோபர், ஆயுத பூஜை

எல்லா மெஷினையும் வெளியே இறக்கி, துடைத்து, பொட்டு வைத்தாயிற்று. ஆயுத பூஜையை வருடாந்திர சர்வீஸ் நாளாகவும் வைத்துக்கொண்டால் நல்லது என்பது என் எண்ணம். பூசணிக்காய் உடைப்பதற்கு முந்தைய நாள் எல்லா ஹோஸையும் நீளமாக விரித்துக் கையால் தடவிப் பார்ப்போம். எங்கே புடைத்திருக்கிறது, எங்கே கம்பி வலை தெரிகிறது என்று விரலுக்குத் தெரியும். பெரிய பிரஷரில் ஓடும் ஹோஸை மட்டும் ஓடும்போது கையால் தடவவே கூடாது. ஊசித் துளையில் வரும் தண்ணீர் தோலைக் கிழித்து உள்ளே போகும்.

நாசிலும் அன்றைக்குத்தான் மாற்றுவோம். துளை தேய்ந்தால் பிரஷர் இறங்கும். பம்பு வீக்காகிவிட்டது என்று நினைத்துப் பம்பைப் பிரிப்பார்கள், நாசிலை மாற்றினால் சரியாகிவிடும்.

ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடலாமா என்ற கேள்வி நிலுவையில் இருக்கிறது. வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன், போன வருடம் எடுத்த ஒன்றில் மெஷின் படுத்த அன்று ஆள் வரவில்லை, வந்தபோது ஸ்பேர் இல்லை. இன்னொரு யோசனையில், பேட்டரி ஸ்க்ரப்பர் மாதிரி எலக்ட்ரானிக் போர்டு உள்ள மெஷினுக்குப் போடலாம், எத்தனை நாளில் ஆள் வருவார், மாற்று மெஷின் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு. பிரஷர் வாஷர், வேக்குவத்துக்கு அந்தப் பணத்தில் சீல் செட், கெப்பாசிட்டர், கார்பன் பிரஷ், ஃபில்டர் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வண்டியில் வைத்துக்கொள்வதுதான் லாபம்.

15 அக்டோபர்

வெள்ளம் வந்துவிடும் என்று பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம், 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வண்டியை இழந்தவர்கள் அவர்கள். நம் ஆட்களும் மெஷின்களைத் தரையிலிருந்து தூக்கி ரேக்கில் வையுங்கள். வண்டி மூழ்கினால் தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசை வரும். திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என்ஜினுக்குத் தனிக் கவர் எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவை இன்சூரன்ஸ் பொதுவாகத் தராது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள். மூழ்கிய வேக்குவத்துக்கும் வாஷருக்கும் இதேதான், பிரித்துக் காயவைக்காமல் கரன்ட் கொடுக்காதீர்கள்.

24 நவம்பர்

தம்பி எழுதியிருக்கிறார்: வயர் 2.5 மாற்றியாயிற்று, சின்ன டேங்க் வந்தாயிற்று, ஆனால் சாயந்திரம் கழுவி வைக்கச் சொன்னால் பசங்க முகம் சுளிக்கிறார்கள், என்ன செய்ய?

முகம் சுளிக்காமல் என்ன செய்வார்கள்? காலை ஆறரைக்கு வந்தவன், நாள் முழுக்க முதுகை வளைத்து வேலை பார்த்தவன், உன் மெஷினைக் கழுவுவதற்காகக் கடைசி பஸ்ஸை விடவேண்டுமா? அந்த அரை மணியை வேலை நேரத்துக்குள் கொண்டுவா. ஏழு மணிக்கு முடிகிற வேலையை ஆறரைக்கு முடியும்படி எடு, அல்லது அரை மணிக்குக் கூடுதல் கூலி கொடு. வாடிக்கையாளருக்குக் கொட்டேஷன் போடும்போதே ஆள் கூலி, கெமிக்கல், டீசல் என்று எழுதுகிறாய் அல்லவா, அதில் மெஷின் பராமரிப்பு என்று ஒரு வரியையும் சேர். பேரம் பேசுவார்கள், பேசட்டும். வருடத்துக்கு ஒரு மெஷின் வாங்கும் பணத்திலிருந்து அந்த அரை மணிக்குக் கொடுத்தாலும் உன் கையில் மிச்சம் இருக்கும்.

எங்களிடம் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு, அவர் பெயர் மெஷின் மேலேயே ஒட்டியிருக்கும். சத்தம் சரியில்லை என்று அவர் சொன்னால் மெஷின் நின்றுவிடும், நான் கூட ஓட்டச் சொல்ல முடியாது. இதை முதலில் எழுதிக் கொடுத்தபோதுதான் பசங்க நம்பினார்கள். உடைந்ததற்குச் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளியிடம் யாரும் சத்தம் மாறியதைச் சொல்லமாட்டார்கள், மறைத்து ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், அது படுக்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவன் மாட்டுவான். பிடித்தம் செய்யும் வழக்கம் இருந்தால் இன்றைக்கே விடு தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

25 நவம்பர்

சரி, எந்த கம்பெனி. ஜெர்மனோ இத்தாலியோ சீனாவோ, வாங்கும் முன் கடைக்காரரிடம் சீல் கிட், அன்லோடர் வால்வு (ட்ரிக்கரை விட்டதும் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு), கார்பன் பிரஷ் மூன்றையும் எடுத்து மேஜையில் வைக்கச் சொல். "ஆர்டர் போட்டா வந்துடும்" என்றால் அடுத்த கடைக்குப் போ. தினமும் பல மணி நேரம் ஓட்டுவதானால் கிராங்க் வைத்த மூன்று பிளஞ்சர் பம்பு, ஆயில் கண்ணாடியோடு. கார் கழுவுவதற்கென்று வீட்டுக்கு விற்கும் சின்ன மாடலைத் தொழிலுக்கு வாங்காதே, எந்த நாட்டு மாலாக இருந்தாலும்.

இப்போது கையில் இருக்கும் பழைய இரண்டையும் குப்பைக்குப் போடாதே. பம்பைப் பிரித்து, பழைய சீலையும் ஓ-ரிங்கையும் கவரில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போ. அளவு சொல்லிக் கேட்டால் தப்பானதைத் தருவார்கள், பொருளைக் காட்டினால் ஜோடி கிடைக்கும். ஒன்று பிழைத்தாலும் உனக்கு ஸ்பேர் மெஷின் ஆயிற்று.

புயல் ஒன்று உருவாகும்போல் இருக்கிறது. ஹோஸை மேலே தூக்கி வை.